நல்லாத்தான் இருக்கறா டாக்டர்

பப்பாளி இலையை அரைத்துப் பிழிந்த சாற்றை நீங்கள் முகர்ந்து பார்த்ததில்லை என்றால் புண்ணியம் செய்தவர்கள். என் நாத்தனார் சாவித்திரி அதைச் சொம்பு நிறையக் கொண்டுவந்து என் மூக்கடியில் நீட்டினாள். கூடவே ஒரு டப்பாவில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ லேகியம். பெரணமல்லூர் பக்கம் யாரோ கொடுத்தார்களாம். யார் என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று கொடுத்தவனுக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். ரத்தத்தைச் சுத்தம் செய்யுமாம். அடடா, என் ரத்தத்தின் மேல் ஊருக்குத்தான் எத்தனை அக்கறை. அவள் தெரு திரும்பியதும் சாற்றைச் சாக்கடையில் ஊற்றினேன். லேகியம் டப்பாவை விட்டு வரமாட்டேன் என்றது. அலமாரியில் தூக்கிப் போட்டுவிட்டுக் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன், நாற்றம் அப்போதும் போகவில்லை.

எனக்கு ரத்தத்தில் புற்றுநோய். இதை நான் மென்று முழுங்கிச் சொல்வதில்லை. மற்றவர்கள்தான் "அந்த நோய்" என்று குரலைத் தாழ்த்துகிறார்கள். பேரைச் சொன்னால் தொற்றிக்கொண்டுவிடும் என்று பயம் போலிருக்கிறது. எனக்கு வந்தது மெதுவாக வளருகிற வகை. எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை கெட்ட அணுக்களை ஓயாமல் உற்பத்தி செய்கிறது, அதை அடக்கி வைக்கத் தினம் ஒரு மாத்திரை. வேலூர் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா முதல் நாளே நிதானமாகச் சொன்னார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பேரன் பேத்தி எடுத்து வருஷக்கணக்கில் வாழலாம், விட்டுவிட்டுச் சாப்பிட்டால் நோய் மருந்துக்குப் பழகிக்கொண்டு தலைதூக்கிவிடும் என்றார். அன்றிலிருந்து என் உயிர் அந்த ஒற்றை மாத்திரையில்தான் இருக்கிறது.

அந்த மாத்திரையோ பெரிசு. தொண்டையில் நின்றுகொண்டு உள்ளே போகாது. டாக்டரிடம் சொன்னதும், பரவாயில்லை, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் போட்டுக் கரைத்து உடனே குடித்துவிடுங்கள், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு குடியுங்கள், அடியில் நின்றதையும் தண்ணீர் விட்டு அலசிக் குடியுங்கள் என்றார். கரைத்துக் கொடுக்கும் பொறுப்பை என் வீட்டுக்காரர் சிவப்பிரகாசம் ஏற்றுக்கொண்டார். பகல் சாப்பாடு முடிந்ததும் பட்டறையிலிருந்து வந்து கை கழுவி, அடுக்களையில் நின்று கலக்கி எடுத்து வருவார்.

எங்களுக்கு வீட்டுக்குப் பின்னால் சாயப்பட்டறை. ஆரணியில் பட்டுச் சேலை நெய்கிறவர்கள் நூலை எங்களிடம் கொடுப்பார்கள். அவர் முதலில் சோடா உப்பும் சோப்பும் போட்ட கொதிநீரில் அதை வேகவைத்துப் பசையை எடுப்பார், பிறகு சாயம் ஏற்றுவார். பட்டுப்பூச்சியின் பசை வெந்தால் வருகிற நாற்றம் இருக்கிறதே, அது கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குப் பழக ஒரு வருஷம் ஆயிற்று. நோய் வந்ததும் பழகினதெல்லாம் போச்சு. அந்தப் பக்கம் காற்றடித்தாலே எனக்குக் குடலைப் பிரட்டும். பட்டறைக்குள் காலடி வைப்பதையே நிறுத்திவிட்டேன்.

மாத்திரை உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஆரம்பிக்கும். வாயில் உப்பு நீர் ஊறும், காது அடைக்கும், பிறகு வாந்தி. சாப்பிட்ட சோறு, குடித்த மோர், கடைசியில் மஞ்சளாகக் கசப்பு. எல்லா நாளும் இல்லை, ஆனால் எந்த நாள் என்று தெரியாது, அதுதான் கேவலம். கண்ணைச் சுற்றி வீங்கி என் முகம் எனக்கே சகிக்கவில்லை. என் உடம்பை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் பிளாஸ்டிக் பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் எடுத்து முடித்ததும் கொண்டுபோய்க் கொட்டி, கழுவி, வெயிலில் கவிழ்த்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவார்.

சரி, இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லலாம் இல்லையா? மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்து, நோய் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போவோம். டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்பார், எப்படி இருக்கீங்க, மருந்து ஒத்துக்குதா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கையைக் கட்டிக்கொண்டு முந்திக்கொள்வார்.

"நல்லாத்தான் இருக்கறா டாக்டர்."

அவ்வளவுதான். அந்த ஒரு வரியோடு எங்கள் முறை முடிந்துவிடும். வெளியே வந்து நான் கத்துவேன். நேற்று அரைப் பேசின் வாந்தி எடுத்தேனே, அதுவா நல்லா இருப்பது என்று. அவரிடம் ஒரே பதில்தான். பெரிய மனுஷர்களிடம் போய்க் குறை சொல்லக் கூடாது, சொன்னால் இந்த மருந்து ஒத்துக்கவில்லை என்று நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் வேறு எது இருக்கிறதோ என்னவோ. நூல் கொடுக்கிற முதலாளி "இன்னாப்பா, வேலை எப்டி போவுது" என்று கேட்டாலும் இவர் இப்படித்தான் சொல்வார். பட்டறையில் அண்டா ஓட்டையாகி ஒழுகிக்கொண்டிருந்தாலும் நல்லாப் போவுதுங்க என்பார். கேட்கிறவர் முகம் கோணாமல் அனுப்பிவைப்பதுதான் மரியாதை என்று பழகின நாக்கு அது. அந்த மரியாதையைத் தூக்கிக் குப்பையில் போட. ஆனாலும் ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்துகொண்டிருந்தது. ஒரு வருஷம் முடிந்தபோது நோய் தேடிப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு அடங்கிவிட்டது, கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சிரித்தார். மாத்திரையை மட்டும் அப்படியே தொடரணும் என்றார். இவர் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு நல்ல காலம் வந்தது. வாந்தி குறைந்தது. முதலில் நம்பவில்லை, கண் வீக்கமும் வற்றவே நம்பினேன். டம்ளரில் கசப்புகூடக் குறைந்த மாதிரி இருந்தது. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். ஆடிக் கிருத்திகைக்கு நானே நின்று சமைத்தேன். வேலூரில் வாக்கப்பட்டிருக்கிற என் மகள் பவித்ரா போனில் என் குரலைக் கேட்டு, அம்மா நீ பழையபடி திட்டுறியே என்று சந்தோஷப்பட்டாள். இவரும் கலகலப்பாக இருந்தார். நான் தட்டில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டால் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அடுத்த பரிசோதனையில் அளவு ஏறியிருந்தது. கொஞ்சம்தான், மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டர். அதற்கடுத்ததில் நன்றாகவே ஏறியிருந்தது. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். நாட்டு மருந்து ஏதாவது? வலி மாத்திரை கடையில் வாங்கிப் போட்டீர்களா? பம்பளிமாஸ் பழம் சாப்பிடுகிறீர்களா, அது இந்த மருந்தோடு சேராது. நான் பப்பாளிச் சாற்றைச் சாக்கடையில் ஊற்றினதையும் லேகியத்தை அலமாரியில் போட்டதையும் சொன்னேன். கடைசியாகக் கேட்டார், ஒரு நாளாவது மாத்திரை விட்டதுண்டா?

"இல்லவே இல்ல டாக்டர். அவர்தான் தினம் கரைச்சிக் குடுக்கறாரு" என்றேன்.

டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். ஒரு நாளும் விடவில்லை என்றார். அப்படியானால் நோய் இந்த மருந்துக்கு அடங்காமல் உருமாறியிருக்கலாம், அதைக் கண்டுபிடிக்க இன்னொரு பரிசோதனை அனுப்புகிறேன், வந்ததும் இதைவிடக் கடுமையான மருந்துக்குப் போக வேண்டியிருக்கும், அது இதயத்தையும் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து என்றார் டாக்டர். அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும், மீதி அட்டை, அந்த லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னார்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உருமாறிவிட்டது. என் ரத்தம் எனக்கே துரோகம் செய்கிறது என்று நினைத்தேன். ஒழுங்காக, ஒரு நாள் விடாமல், குடலைப் பிய்த்துக்கொண்டு குடித்ததற்கு இதுதான் பலன். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது அவர் இறங்கி டீ வாங்கிவந்தார். என்னிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதைக் கையிலேயே வைத்திருந்தார். ஆடை கட்டிப்போச்சு. ஆரணி வந்ததும் ஜன்னல் வழியாகக் கொட்டினார். அவருக்கும் என்னை நினைத்துத்தான் துக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன், என் புத்தியை என்ன சொல்ல.

வீட்டுக்கு வந்ததும் அவர் பட்டறைக்குப் போய்விட்டார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு டாக்டர் சொன்னதைச் சேர்க்க ஆரம்பித்தேன். லேகியத்தைப் போட்டேன். அடுக்களையில் மருந்து வைக்கிற பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். அதை நான் திறந்து மாதக்கணக்காகிறது, அந்த மாத்திரையின் வாசனையே எனக்கு ஆகாது. ஒரு அட்டை இருந்தது. அதன் கீழே செய்தித்தாள் துண்டு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. காகிதத்தின் மேல் அரக்குச் சாயத்தில் ஒரு விரல் ரேகை. பிரித்தேன். உள்ளே பாதி மாத்திரை. நடுக்கோட்டில் சுத்தமாக உடைத்தது.

எனக்கு உடனே புரியவில்லை. எனக்கு எழுதியிருப்பது முழு மாத்திரை. இன்றைக்கு ஆஸ்பத்திரி அலைச்சலில் சாப்பாடு தள்ளிப்போனதால் இன்னும் குடிக்கவில்லை. அப்படியானால் இந்தப் பாதி நேற்றைய மீதி. இதன் மறுபாதி நேற்று டம்ளரில் போயிருக்கிறது. இந்தப் பாதி இன்றைக்கு டம்ளரில் போக வேண்டியது. கசப்புக் குறைந்ததும், வாந்தி நின்றதும், ஆடிக் கிருத்திகைக்கு நான் நின்று சமைத்ததும் எல்லாம் எதனால் என்று அப்போதுதான் தெரிந்தது.

பட்டறைக்குள் போனேன். அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. நாற்றம் முகத்தில் அடித்தது, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டேன். அவர் கழியால் நூல் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னை அங்கே பார்த்ததும் கழி நின்றுவிட்டது. நான் காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன்.

"மீதி எங்க வெச்சிருக்கீங்க?"

அவர் சுவர்த் தட்டின் மேலிருந்த காலிச் சாயப்பொடி டின்னை எடுத்துக் கொடுத்தார். மூடியைத் திறந்தால் அட்டை அட்டையாக என் மாத்திரைகள், நீராவி பட்டு வெள்ளித் தாள் உப்பிப்போய், ஓரத்தில் நீலப் பொடி ஒட்டிக்கொண்டு.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்படியானால் மருந்து என்னைக் கைவிடவில்லை. என் ரத்தம் உருமாறியிருக்க வேண்டும் என்பது இல்லை. நான் பாதிதானே குடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்திருக்கும். பிறகு வந்த அருவருப்பில் அந்த டின்னை அண்டாவுக்குள் போட்டுவிடலாமா என்று இருந்தது.

எதற்கு என்று கேட்டேன். அவர் கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அரக்கு ஏறிய கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஒன்னியும் இல்லன்னு டாக்டரே சொன்னாங்க இல்ல? பசை போற வரைக்கும்தான் சோடா. பசை போனப்புறமும் அதே அளவு போட்டுகினு இருந்தா நூலு இத்துப்பூடும் சுந்தரி. நீ என் கண்ணெதிர்ல இத்துகினு இருந்த. நானு எத்தினி நாளைக்குப் பேசினைப் புடிச்சிகினு நிக்கறது?"

ஆக, அதுதான். இந்த மனுஷன் ஒரு நாள் கவனம் தப்பிச் சோடாவை ஏற்றிப் போட்டு, ஒரு கல்யாணச் சேலைக்கு வந்த நூல் முழுக்கத் தறியில் பொட்டுப் பொட்டென்று அறுந்து, ஊரெல்லாம் தலைகுனிந்து நின்றவர். அன்றிலிருந்து பசை போன நூலை அவர் அண்டாவில் ஒரு நிமிஷம்கூட விடமாட்டார். என்னையும் அப்படித்தான் வெளியே எடுத்திருக்கிறார். பாசம்தான், தெரிகிறது. தெரிந்ததால் என் அருவருப்புக் கொஞ்சமும் குறையவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் காறித் துப்பிவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருப்பேன். பாசத்தில் செய்தவனை எங்கே போய்த் துப்புவது?

"நூலை ஒரு தபா வேக வெச்சா பசை போச்சு, திரும்ப ஊறாது" என்றேன். "எனக்கு எலும்புக்குள்ள தினம் தினம் ஊறிகினு கீது. முதல் நாளே டாக்டர் சொன்னாங்களே, காதுல வாங்கினியா நீ? என்னை நூலுன்னு நெனச்சிகினியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் நீ என்று சொன்னதில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரிகூடத் தெரியவில்லை. இன்னிக்கி டாக்டர் கேட்டப்போ ஏன் சொல்லல என்றேன். சொல்லத்தான் வாயெடுத்தேன், வரல என்றார். அதுதான் எனக்குச் சுத்தமாகப் பொறுக்கவில்லை. வேறு மருந்துக்கு, இதயத்தைக் கெடுக்கக்கூடிய மருந்துக்கு, என்னை ஏற்றிவிடப் போகிறார்கள், பக்கத்தில் நின்றுகொண்டு வரவில்லையாம் வாய். அன்று பகல் சாப்பாட்டை வலுக்கட்டாயமாக முடித்து, அவர் கையால் வேண்டாம் என்று நானே புது அட்டையிலிருந்து ஒரு முழு மாத்திரையைக் கரைத்துக் குடித்தேன். கரைக்கும்போதே குமட்டியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அலசின தண்ணீரையும் குடித்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவரை இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் முன்னால் பையைக் கவிழ்த்தேன். நான் பேசமாட்டேன், அவர்தான் சொல்வார் என்று உட்கார்ந்துகொண்டேன். அவர் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. சோடா, பசை, நூல் எல்லாம் சொன்னார். நல்ல வேளை, டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவர் அந்தத் திட்டையும் மரியாதையாக வாங்கிக்கொண்டு தப்பித்திருப்பார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"அவங்களுக்கு வாந்தி வருதுன்னு ஒரு தடவைகூட ஏங்க சொல்லல? அதுக்குத் தனியா சின்ன மாத்திரை இருக்கே."

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. அத்தனை பேசின் வாந்திக்கும் ஒரு சின்ன மாத்திரை இருந்திருக்கிறது. அதைச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போட்டுக்கொண்டு, பிறகு இதைக் குடித்து, குடித்தவுடன் படுக்காமல் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடுமாம். அப்படியும் வாந்தி வந்தால் நானாக இன்னொரு மாத்திரை போடக் கூடாது, அடுத்த வேளைக்குத்தான். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான், வீட்டில் யாரும் முடிவு செய்யக் கூடாது. டின்னில் நீராவி பட்ட மாத்திரைகளைத் திரும்பச் சாப்பிட வேண்டாம், இங்கேயே கொடுத்துவிடுங்கள் என்றார். அனுப்பிய பரிசோதனை வரட்டும், ஆனால் மருந்தை இப்போது மாற்றவில்லை, மூன்று மாதம் முழு மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாங்க, அது கேட்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு என்று எங்களை அனுப்பினார்.

அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் நிம்மதி கிடையாது. கரைப்பது அவர்தான், அதை மறுபடி அவரிடம் கொடுத்தேன், ஆனால் என் கண்ணெதிரே. அட்டையிலிருந்து எடுக்கிறது முதல் டம்ளரை அலசுகிறது வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் நகத்தில் ஒட்டியிருக்கிற சாயத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும், போய் இன்னொரு தடவை கை கழுவச் சொல்வேன். போய்க் கழுவிவருவார். டம்ளரின் அடியில் வெள்ளையாக நிற்கிறதைச் சாய்த்துக் காட்டுவார். தண்ணீர் ஊற்றச் சொல்வேன். பேசின் பெரும்பாலும் காய்ந்தே கிடந்தது, அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. சாவித்திரி ஒரு நாள் வந்து, அண்ணன் பாவம் அண்ணி, இப்படியா போலீஸ்காரி மாதிரி நிக்கறது என்றாள். உன் லேகியம் வேலூர் ஆஸ்பத்திரியில கீது, போய் வாங்கிக்கோ என்றேன். அன்றைக்குப் போனவள் பிறகு வெறுங்கையோடுதான் வருகிறாள்.

மறுபடி வேலூர். முன்னால் அனுப்பிய பரிசோதனையில் உருமாற்றம் எதுவும் தெரியவில்லை என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். இனி இந்த மூன்று மாத அளவுதான். அது ஏறியிருந்தால் அந்தக் கடுமையான மருந்து. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது இவர் கை தன் பாட்டுக்குக் கட்டிக்கொள்வதும் அவிழ்வதுமாக இருந்தது.

உள்ளே போனதும் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தார். எப்படி இருக்கீங்க என்றார். பக்கத்தில் இவர் வாய் பழக்கத்தில் திறந்தது. திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், மூடிக்கொண்டது.

நான் ஆரம்பித்தேன். ஒன்றையும் அழகுபடுத்தவில்லை. இந்த மூன்று மாதத்தில் எத்தனை முறை வாந்தி, அது என்ன நிறம், கண் எந்தப் பக்கம் அதிகம் வீங்குகிறது, வயிறு எப்போது கழிகிறது, எதை வாயில் வைத்தாலும் துரு மாதிரி ருசிக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ் முகத்தைச் சுளித்தாள். சுளிக்கட்டும். டாக்டர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார். அளவு இறங்கியிருந்தது. முதல் வருஷம் முடிந்தபோது இருந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை, ஆனால் மருந்து கேட்கிறது, இதையே தொடரலாம், பாதியாக்காமல் இருந்தால் அங்கே போய்ச் சேரும் என்றார்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். இவர் எழவில்லை. தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டர், ராத்திரியில அவளுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்குது. தூக்கத்துல முனகறா. அதச் சொல்லாம உட்டுட்டா."

வாயை மூடுங்க என்று சொல்ல வந்தேன். டாக்டர் பேனாவை மறுபடி எடுத்துவிட்டார். அவர் சொன்னது உண்மைதான், அதை நான் சொல்ல மறந்திருந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.